குறுக்குத் தண்டவாளமும் இரண்டு இருக்கைகளும்

ஆளில்லாமல் வந்து கரை சேர்ந்த அந்தப் பாய்மரக் கப்பல், கொடிக்காரன் எந்தப் பக்கம் நின்றானோ அந்தப் பக்கம் சாய்ந்தது. வேறு யார் ஏறினாலும் அது அசையவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் கும்பலாக ஏறி இடது ஓரத்தில் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள், குதித்தும் பார்த்தார்கள். கப்பல் தரையில் போட்ட கட்டிலைப் போல இருந்தது. கொடிக்காரனோ ஒல்லி. மனைவி இறந்த பிறகு இன்னும் வற்றிப்போயிருந்தான். அவன் பலகையைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் தளத்தில் கிடந்த வாளி உருண்டுவந்து அவன் காலடியில் நின்றது. அவன் எதிர் ஓரத்துக்குப் போனான். வாளியும் பின்னாலேயே வந்தது.

கப்பல் வந்தது காற்றே இல்லாத ஒரு முற்பகலில். பாய்களெல்லாம் சுருட்டிக் கட்டியபடி இருக்க, பின்பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, கூச்சப்படுகிற விருந்தாளியைப் போல நுழைந்து, காலியாக இருந்த மேடையோரம் தானாக ஒட்டிக்கொண்டது. துறைமுகக் கோபுரத்தில் கொடி ஏற்றி இறக்குவது அவன் வேலை. ஊரில் அதுவே அவனுக்குப் பெயருமாகிவிட்டது. 'யார் நீ' என்று கேட்கும் கொடியை ஏற்றினான். பதில் இல்லை. துறைமுக அதிகாரி கீழேயிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். "மேல போய்க் கொடிப்பெட்டி இருக்கான்னு பாருப்பா. கொடியப் பாத்தா எந்தத் தேசம்னு தெரிஞ்சுடும்." கொடிப்பெட்டி இருந்தது. உள்ளே இருந்த கொடிகள் அத்தனையும் வெளுத்து, துவைத்த தலையணை உறை மாதிரி ஒரே நிறமாக இருந்தன. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் கரையில் நின்றவர்கள் கப்பல் சாய்வதைக் கண்டார்கள்.

கப்பல் கவிழாமல் இருக்க அடித்தட்டில் போட்டிருந்த கற்கள் நகர்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். இறங்கிப் பார்த்தார்கள். கற்கள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. தண்ணீர் ஏறியிருக்குமோ என்று பார்த்தார்கள். அடித்தட்டு மாவரைக்கும் கடை போலக் காய்ந்து கிடந்தது. பிறகு கப்பலில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களின் பக்கம் ஊரின் கவனம் திரும்பியது. விசைப்படகுகளையும் இரும்புக் கப்பல்களையும் மட்டுமே பார்த்துப் பழகிய துறைமுகம் அது. ஆனாலும் தச்சர் வயதானவர். பாதிக்கு மேல் அவரே சொல்லிவிட்டார். அடியில் குழிவிட்ட ஈயக் குண்டு ஆழம் பார்ப்பதற்கு. குழியில் மெழுகு அப்பி இறக்கினால் கடலடி மண் ஒட்டிக்கொண்டு வரும். செங்கல் போன்ற வழவழப்பான கல் தளத்தைத் தேய்த்துக் கழுவுவதற்கு. மூன்று கண் வைத்த மரக்கட்டை கயிற்றை முறுக்கேற்றிக் கட்டுவதற்கு. அந்தக் கட்டையை மண்டையோடு என்று நினைத்துத் தொட மறுத்தவர்கள் அதன்பின் அதன்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால், கப்பலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, தளத்தின் குறுக்கே ஓர் இரும்புத் தண்டவாளம் ஓடியது. நடுவில் மட்டும் அறுபட்டிருந்தது. அதன்மேல் பல் பல்லாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு பாதியிலும் முதுகு சாய இடமில்லாத, தாழ்வான ஒரு மர இருக்கை. தள்ளினால் நகரும், வேண்டிய பல்லில் நிறுத்த இருக்கைக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஓர் இரும்பு முளை. இரண்டு இருக்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. உட்கார்ந்து உட்கார்ந்து மரம் குழிந்து எண்ணெய் ஏறியிருந்தது. உட்கார்ந்தவர்கள் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

முடி வெட்டுகிறவர் அதைச் சவர நாற்காலி என்றார். "ரெண்டு பேர ஒரே நேரத்துல பண்ணலாம். ஆடுற கப்பல்ல தள்ளித் தள்ளிப் பண்ணுவாங்க." சுங்க அலுவலர் இருக்கைகளைப் பிளந்து பார்க்க வேண்டும் என்றார், கள்ளச் சரக்கு உள்ளே இருக்குமாம். மீன் விற்கும் அக்கா ஒருத்தி ஏறி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி இவ்ளோ யோசனையா? கக்கூசுய்யா இது" என்றாள். "ஓட்டை இல்லையே அக்கா" என்றார் தச்சர். "அதான் நகத்தி வச்சிருக்கான். ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போயி..." என்று அவள் செய்து காட்டப் போக, கரையில் இருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் அது நட்சத்திரம் பார்க்கும் கருவி என்று ஒரு மாலை முழுக்கப் பேசினார். யாரும் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை.

கொடிக்காரனுக்கு இருக்கைகளைப் பற்றி எதுவும் தெரியாது. கப்பல் ஏன் சாய்கிறது என்பது மட்டும் முதல் நாளே தெரிந்துவிட்டது.

கோபுரத்து வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் ஏறிய கொடியைக் கண்டால் கண்டேன் என்று பதில் கொடி ஏற்றியாக வேண்டும். அர்த்தம் புரியாவிட்டாலும், செய்ய முடியாவிட்டாலும், கண்டது கண்டதுதான். கல்யாணமான புதிதில் இந்த வழக்கத்தை அவன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தான். வீட்டு மொட்டைமாடி கோபுரத்திலிருந்து தெரியும். அவள் துணி காயப்போடும் கயிற்றின் ஓரத்தில் நீலப் படுக்கை விரிப்பைத் தனியாகக் கட்டினால் வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்று பொருள். அவன் கோபுரத்தில் துண்டை அசைத்தால் கண்டேன் என்று பொருள். பெரும்பாலும் அவள் விளையாட்டுக்குத்தான் கட்டினாள். சாவியைக் காணோம், பல்லி விழுந்துவிட்டது, சும்மாதான் கூப்பிட்டேன்.

கடைசி முறை அவள் விரிப்பைக் கட்டிய நாளில் காலையில் இருவருக்கும் சண்டை. எதற்கு என்று கேட்டால் சொல்ல முடியாத சண்டை. நடுப்பகலில் அவன் தொலைநோக்கியில் நீலத்தைப் பார்த்தான். வெயில் கண்ணாடி போல அடித்துக்கொண்டிருந்தது. விரிப்பின் ஓரத் தையல்கூடத் தெரிந்தது. கொஞ்ச நேரம் காயட்டும் என்று நினைத்தான். துண்டை அசைக்கவில்லை. தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தான். மறுபடி பார்த்தபோது விரிப்பு இல்லை. கோபம் ஆறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மருத்துவமனையில், வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள்.

அன்று பனி மூட்டம், கோபுரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். முதலில் சொன்னது மாமனாரிடம். அவர் துறைமுக வாசலில் லாரிகளை எடை போடும் எடைமேடைக்காரர். மகளோடும் மருமகனோடும் ஒரே வீட்டில் இருந்தவர். மேடையில் ஏற்றாமலே, லாரியைப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர். அந்தக் கொளுத்தும் வெயில் நாளைப் பற்றி மருமகன் பனி என்று சொன்னபோது அவர் அவன் முகத்தைப் பார்க்காமல், "ஆமா மாப்பிள்ளை, நல்ல பனி" என்றார். எடைமேடைக்காரர் சொன்னதால் ஊரும் பனி என்றது. நாளடைவில் அன்று பனிக்காகக் கம்பளி போர்த்திக்கொண்டதாகச் சிலர் நினைவுகூர்ந்தார்கள். ஒருவர் அந்தப் பனியில் சளி பிடித்து இன்னும் விடவில்லை என்று இருமிக் காட்டினார்.

மாமனார் வீட்டைவிட்டுப் போகவில்லை. மருமகனுக்குச் சோறு போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்து, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. உலகத்தில் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். உண்மை தெரிந்தால் அந்த ஆளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பதை நினைத்து நினைத்து அவன் ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கினான். இப்போது துறைமுகத்தின் நட்ட நடுவில் ஒரு கப்பல் அவனைக் கைகாட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் கப்பலை அப்படியே விட்டிருந்தால் மட்கிப் போயிருக்கும். ஆனால் எதிரில் இருந்த தீவுக்கு மாவும் மண்ணெண்ணெயும் மருந்தும் கொண்டுபோகும் படகின் இன்ஜின் அந்தச் சமயத்தில் படுத்துவிட்டது. உதிரி பாகம் வர மழைக்காலம் கழியும் என்றார்கள். சும்மா நிற்கும் கப்பலை ஓட்டிப் பார்ப்போமே என்றார் துறைமுக அதிகாரி. பாய் விரித்தார்கள். நல்ல காற்று, பாய்கள் புடைத்தன. கப்பல் முன்னால் போகாமல், கழுத்தில் கயிறு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி நின்ற இடத்தில் சுற்றியது. கொடிக்காரனை ஏற்றினார்கள். உடனே ஓடியது, ஆனால் அவன் பக்கம் சாய்ந்து கடலை மொண்டு மொண்டு உள்ளே விட்டுக்கொண்டு ஓடியது. பாய்மரத்தை ஒட்டி நடுவில் நிற்கச் சொன்னார்கள். நேராக நிமிர்ந்தது, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவனை இடது இருக்கையில் உட்காரவைத்து எதிர் ஓரத்தில் உப்பு மூட்டைகளை மலையாகக் குவித்தார்கள். கப்பல் மூட்டைகளைக் கண்டுகொள்ளவில்லை.

தச்சர்தான் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார். "இருக்கை ரெண்டு. இந்தப் பக்கம் இவன் உக்காந்தா, அந்தப் பக்கம் இவனாட்டம் இன்னொருத்தன் உக்காரணும். அதுக்குத்தான் இத வச்சிருக்கான்."

"இவனாட்டம்னா? ஒல்லியாவா?"

"மனசுல எதையாவது வச்சுக்கிட்டுத் திரியுற ஆளா" என்றார் தச்சர்.

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். அதுவரை கூட்டமாக ஏறியபோது காட்டாததைக் கப்பல் எதிர் இருக்கையில் தனியாக உட்கார்ந்தவர்களிடம் காட்டியது. அளவில் குறைத்து விற்கும் எண்ணெய்க் கடைக்காரர் உட்கார்ந்தபோது ஒரு விரல் கனம் இறங்கியது. அவர் முகம் சுருங்கி, தராசில் கோளாறு என்று பழக்கதோஷத்தில் சொன்னார். அண்ணன் தம்பி இருவர் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்துவிட்டுப் பேசிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மீன் அக்கா உட்கார்ந்தாள்; துளியும் இறங்கவில்லை. "நான் எதையும் உள்ள வச்சுக்க மாட்டேன்ல, எல்லாத்தையும் அப்பப்பத் திட்டித் தீத்துருவேன்" என்றாள். மருத்துவர் ஏறும் பலகை வரை வந்து, நோயாளி காத்திருப்பதாகச் சொல்லித் திரும்பினார். பள்ளி ஆசிரியர் அந்த வாரம் முழுக்கக் கடற்கரைப் பக்கமே வரவில்லை. துறைமுக அதிகாரி எல்லா உத்தரவுகளையும் கரையிலிருந்தே கொடுத்தார். யாரும் கொடிக்காரனின் எடைக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை.

இங்கேதான் பேச்சு திரும்பியது. இத்தனை பேரைவிட இவன் கனம் என்றால் இவன் செய்தது என்ன? செத்தது பெண்டாட்டி. சாகும் வயதா அது? டீக்கடையில் அவன் வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள், மரியாதைக்கு அல்ல. தீவிலிருந்து மாவு தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. அதற்கும் அவனே காரணம் என்பது போலப் பார்த்தார்கள். அவன் வீட்டுக்குப் போய், மாமனார் போட்ட சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவர் கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை நாளில் அவர் கப்பல் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. எடைமேடையில் வேலை அதிகம் என்றார். தீவுப் படகு நின்றுபோய் லாரிகள் எப்போதாவதுதான் வந்த காலம் அது.

ஒரு மத்தியானம், எடைமேடையில் லாரியை நிறுத்திய ஓட்டுநர் ஒருவன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பெரியவரே, ஒங்க பொண்ண மாப்பிள்ளைதான் ஏதோ பண்ணிட்டான்னு சொல்றாங்களே, நீங்க அவனுக்கு வடிச்சுக் கொட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றான். மாமனார் எடை முள் நிற்பதற்குக் காத்திருக்கவில்லை. லாரியை மேடைமேலேயே விட்டுவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டவும் மறந்து சுடுகிற தார்ச்சாலையில் நடந்து துறைமுக மேடைக்கு வந்தார்.

கொடிக்காரன் இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தான். ஓட்டிப் பார்க்கும் கடைசி முயற்சி அன்று. கப்பல் அவன் பக்கம் சாய்ந்து, கடல் அவன் முதுகுக்குப் பின்னால் பலகை விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. மாமனார் பலகையில் ஏறுவதைக் கண்டதும் அவன் எழுந்துவிட்டான். "வேணாம் மாமா. நீங்க வீட்டுக்குப் போங்க. இங்க ஒண்ணும் இல்ல."

"உக்காருங்க மாப்பிள்ளை."

அவன் உட்கார்ந்தான். அவர் சரிந்த தளத்தில் கயிற்றைப் பிடித்துப் பிடித்து மேல்பக்கம் ஏறி, எதிர் இருக்கையில் அமர்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கப்பல் முனகியது. பிறகு, தூங்கி விழுந்தவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நிமிர்வது போல, ஒரேயடியாக நிமிர்ந்தது. தளம் தண்ணீர் வைத்த தட்டு போல நேரானது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இருக்கைகள் அப்படித்தான் அமைந்திருந்தன. வேறு எங்கும் பார்க்க வழியில்லை.

"அன்னைக்குப் பனி இல்ல" என்றார் மாமனார்.

"இல்ல மாமா."

"துணிய நான்தான் எடுத்தேன். சாப்பிட வந்தேன், மாடில பறந்துக்கிட்டிருந்துச்சு. வயிறு வலிக்குதுப்பா, அவர வரச் சொல்லிருக்கேன்னு சொன்னா. காலைல சண்ட போட்டீங்கல்ல, அதுக்குத்தான் கூப்புடுறாள்னு நெனச்சேன். வேலை செய்யிற மனுஷன இப்படி ஊரு பாக்கக் கூப்புடாதேன்னு திட்டிட்டு, மடிச்சு பீரோல வச்சுட்டு, மேடைக்குப் போயிட்டேன். நான் எடுக்காம இருந்தா நீங்க பாத்திருப்பீங்க."

"நான் பாத்தேன் மாமா" என்றான் அவன். "எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன். வேணும்னேதான் வரல."

அவர் தலையை ஆட்டினார். எடை முள் நின்ற பிறகு ஆட்டுவது போல, மெதுவாக, ஒரு தடவை. கரையில் துறைமுக அதிகாரி கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் தீவுக்கு மாவு போய்ச் சேர்ந்தது. இரவு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாமனார் சோறு வைத்தார். அவன் சாப்பிட்டான். யாரும் பெட்டியைத் தூக்கவில்லை.

இன்ஜினுக்கு உதிரி பாகம் வந்தும் அதை யாரும் மாட்டவில்லை. கப்பலே போதும் என்றாகிவிட்டது. மாமனாரும் மருமகனும் அதன் நிரந்தர ஆட்களானார்கள். காலையில் ஏறி எதிரெதிரே உட்காருவார்கள், சுக்கான்காரர் ஓட்டுவார், மாலையில் இறங்குவார்கள். இருக்கைகளுக்கு மேல் ஓர் ஓலைக் கூரை போடப்பட்டது. போகிற வழியில் காய்கறி விலை, வீட்டு ஒழுகல், அடுத்த வீட்டுக்காரன் ரேடியோ எல்லாம் பேசினார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி மறுபடி பேசவில்லை; பேசவேண்டிய தேவையைக் கப்பல் தினமும் தீர்த்துவைத்தது. கொடிக்காரன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டொருவர் கேட்டபோது, கப்பல் ஆடிவிடும் என்றான். அவர்களும் அது சரிதான் என்று விட்டுவிட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு காலையில் கப்பல் மருமகன் பக்கம் ஒரு நூல் சாய்ந்தது. அன்று மாமனார் வெந்நீர் வைத்த அடுப்பை மறந்திருந்தார். அடுத்த மாதம் எடைமேடை எந்தப் பக்கம் என்று கேட்டார். பிறகு பெயர்கள் போயின, பிறகு ஆட்கள். அவர் ஒன்றை மறக்க மறக்கக் கப்பல் ஒரு நூல் இறங்கியது. தண்டவாளத்தில் பற்கள் எதற்கென்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. கொடிக்காரன் முளையைக் கழற்றித் தன் இருக்கையை ஒரு பல் உள்ளே தள்ளிக்கொண்டான். கப்பல் நேரானது. மழைக்காலம் முடிவதற்குள் இன்னொரு பல். அதற்கு முன்னும் அங்கே இருவர் உட்கார்ந்து, அதில் ஒருவர் மறந்து, மற்றவர் நகர்ந்திருக்கிறார். உள்பக்கப் பற்களும் தேய்ந்துதான் இருந்தன.

கடைசிப் பல்லுக்கு வந்த பிறகும் கப்பல் சாய்ந்தது. மாமனாருக்கு மகள் இறந்ததே மறந்துவிட்டிருந்தது. சுக்கான்காரர் கொடிக்காரனைத் தனியாக அழைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். "கெளம்புறதுக்கு முன்னாடி அந்த விஷயத்த ஒரு தடவ பெரியவர் காதுல போட்டுருங்களேன். நேரா நிக்கும். சரக்கு நனையுது பாருங்க."

ஒரே ஒரு நாள் அவன் அப்படிச் செய்தான். கூரைக்கடியில் குனிந்து, நிதானமாக, மகள் இறந்ததையும், மாடியில் கட்டிய துணியை எடுத்தது அவர் என்பதையும் சொன்னான். அவருக்கு அது முதன்முதலாகக் காதில் விழும் செய்தி. கப்பல் துல்லியமாக நிமிர்ந்தது. தீவு வரை அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். எதிரே உட்கார்ந்து அவன் பார்த்தான். பார்க்காமலிருக்க அங்கே வழியில்லை. திரும்பி வரும்போது அவர் அதை மறந்து, சிரித்துக்கொண்டு, தீவில் வாங்கிய பிஸ்கட்டை அவனுக்கு நீட்டினார். கப்பல் முன்னைவிட அதிகமாக அவன் பக்கம் சாய்ந்தது. அன்றிலிருந்து அவன் எதுவும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தான். சுக்கான்காரரிடம், சரக்குக்குத் தார்ப்பாய் போட்டுக்கொள்ளச் சொன்னான்.

அதற்குப் பிறகு கப்பல் சாய்ந்தபடியே ஓடுகிறது. தச்சர் மகன் அந்தப் பக்கத்துப் பலகையை உயர்த்திக் கட்டிக் கொடுத்தான். சரக்கு ஏற்றுகிறவர்கள் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்கு ஒரு பக்கம் ஆப்பு வைக்கிறார்கள். தீவுக்காரர்கள் ஏறியதும் கேட்காமலே மேட்டுப் பக்கம் போய் உட்காருகிறார்கள். கப்பலில் டீ விற்கிறவர் டம்ளரை முக்கால்தான் நிரப்புவார். விலை பழைய விலைதான்.

எதிர் இருக்கை இப்போது காலி. மாமனார் எங்கே உட்கார்ந்தாலும் கப்பலுக்கு ஒன்றுதான் என்பதால், மருமகன் அவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்கிறான். ஒருவருக்கென்று செய்த இருக்கை. நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது. பாதி வழியில், காற்று பிடித்ததும், அவர் தினமும் தளத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்.

"என்ன மாப்பிள்ளை, ஒரு பக்கமா இழுக்குது?"

"ஏத்துனது சரியில்ல மாமா."

"எவன் ஏத்துனான்?"

"நான்தான்."

"அதானே பாத்தேன்" என்பார் அவர். கவிழாமல் இருக்க அவன் தோளைப் பிடித்துக்கொள்வார். கரை வரும்வரை கையை எடுக்கமாட்டார்.